ஆர்லிஸ் எழுதிய இரண்டாவது வரி

சனிக்கிழமை காலையில் கொட்டகையின் காப்பிப் பானையைக் கழுவுகிறவள் ஆர்லிஸ் ட்வைட். குடிக்கிறவர்கள் ஆறு ஆண்கள். ஆறு பேருக்கும் டிராக்டர் இன்ஜினைப் பிரித்துப் பூட்டத் தெரியும். இரண்டு பேருக்கு விமான இன்ஜினைப் பற்றி மணிக்கணக்கில் பேசத் தெரியும். பானையின் அடியில் கறுத்துப் படிந்ததைச் சுரண்டத் தெரிந்தவர் அவர்களில் யாரும் இல்லை. ஆர்லிஸ் காப்பி குடிப்பதே இல்லை. அவள் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது.

எங்கள் ஹால்விக் ஊரின் ஓடுபாதை ஓரத்தில் எட்டு விமானக் கொட்டகைகள் உண்டு. எட்டாவதில் மட்டும்தான் கணப்பு உண்டு. ஆகவே ஆண்களும் உண்டு. அது ஆர்லிஸின் கொட்டகை. அறுபத்து மூன்று வயது, குட்டை உருவம், மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பாள். இந்தச் சுற்றுவட்டாரத்தில் விமானம் வைத்திருக்கும் அத்தனை பேரும் அவள் கையெழுத்தை நம்பித்தான் தரையை விட்டுக் கிளம்புகிறார்கள்.

அவள் மெக்கானிக் ஆனதற்குப் பூச்சிதான் காரணம். அவள் கணவன் வெண்டல் அப்போது பீட்ரூட் வயல்களுக்கு மருந்து தெளிக்கும் விமானி. ஜூலை நடுவில், வயலெல்லாம் பூச்சி விழுந்த வாரத்தில், அவனிடம் இருந்த மெக்கானிக் சொல்லாமல் கொள்ளாமல் வேறிடம் போய்விட்டான். ஆறு மாதக் கர்ப்பிணியான ஆர்லிஸ், இன்ஜின் புத்தகத்தை ஸ்டூலில் விரித்து வைத்துக்கொண்டு, தையல் மிஷினைப் பிரிக்கிற மாதிரி ஒவ்வொரு திருகாக ஒரு சிலிண்டரை மாற்றினாள். பக்கத்து ஊர் மெக்கானிக் சரிபார்க்க வந்தான்.

“இதை யார் செஞ்சது?”

“என் பொண்டாட்டி.”

“அவளை விட்டுடாதே. என்னைவிட நல்லா செஞ்சிருக்கா.”

வெண்டல் விடவில்லை. அவளே அந்தப் பக்கத்து ஊர்க்காரனிடம் சில வருஷம் வேலை கற்று, பரீட்சை எழுதித் தேறி, சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டினாள். குளியலறையில்தான் சுவர் காலியாக இருந்தது.

அவளுக்கு இரண்டு விதிகள். ஒன்று, செய்ததைப் புத்தகத்தில் எழுதவேண்டும். ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு பதிவுப் புத்தகம் உண்டு. ஒரு நட்டைத் தொட்டாலும் அதில் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். வரிகள் நெருக்கமாக இருப்பதால் அவள் எழுத்து எறும்பு அளவுக்குச் சிறுத்துப்போயிருந்தது. இரண்டு, அலுவல் அறைக் கதவோரப் பலகையில் அடித்த சிவப்பு ஆணி. வேலை முடியாத விமானத்தின் சாவி அதில் தொங்கும். புத்தகத்தில் கையெழுத்து விழும்வரை அதை யாரும் எடுக்கக்கூடாது. ஒருமுறை வங்கி மேனேஜர் சாவிக்காகக் கையை நீட்டியபோது, அந்தக் கை மேல் ஸ்பானரை வைத்தாள். மெதுவாகத்தான் வைத்தாள். ஆனாலும் கதை ஊர் முழுக்கப் பரவியது.

செப்டம்பர் முதல் சனிக்கிழமை வெண்டல் தன் நாலு சீட்டு விமானத்தில் ஏறிச் சாவியைத் திருப்பினான். முன் விசிறி அரைச்சுற்று அசைந்து நின்றது. மறுபடி திருப்பினான். ‘டக்’ என்றது. அவ்வளவுதான்.

பீட்ரூட் விவசாயி லெலண்ட் காப்பிக் கோப்பையோடு வாசலுக்கு வந்தான். வெண்டலோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன்; இறக்கை இருக்கிற எதிலும் ஏறமாட்டான், ஆனால் ஒரு சனிக்கிழமையும் தவறமாட்டான்.

“என்னடா, மெக்கானிக் வீட்டு வண்டியே நகர மாட்டேங்குது? அப்ப எங்க கதியெல்லாம் என்ன?”

“உனக்குத்தான் விமானமே இல்லையே.”

“அதனாலதான் தைரியமாக் கேக்கறேன்.”

மத்தியானம் எல்லோரும் போனபின் ஆர்லிஸ் இன்ஜின் மூடியைக் கழற்றினாள். இரண்டு நிமிஷத்தில் விஷயம் தெரிந்துவிட்டது. ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் தடித்த வயர் வழியாகப் போகும். திரும்பி வரும்போது இன்ஜினிலிருந்து விமானத்தின் உடம்புக்குத் தாவி, அதன் வழியாக பேட்டரிக்கு வரும். இன்ஜின் ரப்பர் மேல் உட்கார்ந்திருப்பதால் தாவுவதற்குப் பாலமாக ஒரு செம்புப் பின்னல் இருக்கும். எர்த் பட்டை என்பார்கள். அதன் ஒரு முனை பச்சை பூத்து, பொருக்குத் தட்டிப்போயிருந்தது. கார்களுக்குப் போடும் ஜம்பர் வயர் ஒன்றை இன்ஜினுக்கும் உடம்புக்கும் நடுவில் மாட்டி, பெட்ரோலை அடைத்துவிட்டுச் சாவியைத் திருப்பினாள். விசிறி சிட்டாய்ச் சுற்றியது. ஸ்டார்ட்டர் இன்னும் பத்து வருஷம் ஓடும்.

புதிய எர்த் பட்டைகள் மூன்று அவள் மேஜை இழுப்பறையில் இருந்தன. இருபது நிமிஷ வேலை. இழுப்பறையைத் திறந்தாள், பார்த்தாள், மூடினாள்.

ஜூலையில் ஒரு நாள் வெண்டல் ஓடுபாதையில் இறங்காமல் பக்கத்தில், விமானங்கள் ஊர்ந்து போகும் சின்னப் பாதையில் இறங்கியிருந்தான். “குறுக்குக் காத்து. வேணும்னேதான் அங்க இறக்கினேன்” என்றான். காற்றடிக்கும் திசையைக் காட்டும் கம்பத்துக் காற்றுப்பை, காய்ந்த காலுறை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. மற்ற ஐந்து பேரும் அதைப் பார்த்தார்கள்; ஐந்து பேரும் “ஆமா, காத்துதான்” என்றார்கள். எங்கள் ஊரில் ஒருவன் கூரை தீப்பிடித்து எரிந்தாலும், “இன்னைக்குக் கொஞ்சம் கதகதப்பா இருக்கில்ல?” என்று கேட்பதுதான் மரியாதை.

ஆர்லிஸ் அந்த மரியாதையை அன்றிரவே மீறிப் பார்த்தாள்.

“உன் இடது கண்ணைக் காட்டிட்டு வா, வெண்டல்.”

“என் கண்ணுக்கு என்ன? டாக்டர் அட்டையில கடைசி வரி வரைக்கும் படிச்சேன்.”

“அதைத்தான் நீ மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கியே. எங்க அக்கா கல்யாணத்துல பாட்டு மாதிரி சொல்லிக் காட்டினியே.”

“நீ போட்டிருக்கிற சட்டை பச்சை. தெரியுதா எனக்கு?”

“நீலம்.”

“பச்சை கலந்த நீலம்” என்று சொல்லி உருளைக்கிழங்கை வெட்டினான் வெண்டல்.

எழுபத்தோரு வயது அவனுக்கு. நாற்பது வருஷம் மின்கம்பிகளுக்கு அடியில் பறந்து, ஒரு கீறல் இல்லாமல் ஓய்வு பெற்றவன். அவனுடைய விமானத்தை அவள் தடுக்க முடியாது. மெக்கானிக்கின் கையெழுத்து மெஷினுக்குத்தான், மனுஷனுக்கு இல்லை. மெஷினில் குறை இருந்தால் மட்டும்தான் சாவி சிவப்பு ஆணியில் தொங்கும்.

ஆக, மெஷினில் குறை நீடிக்கவேண்டியிருந்தது. நவம்பரில் பனி விழுந்துவிட்டால் ஏப்ரல் வரை அவன் பறக்கமாட்டான். அதற்குள் கண்ணைப் பற்றி ஏதாவது செய்துகொள்ளலாம்.

“ஸ்டார்ட்டர் போயிடுச்சு” என்றாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது. “மாத்தணும். ஆறேழு வாரம் ஆகும்ங்கிறாங்க.”

“யாரு?”

“அவங்கதான்.”

முப்பது வருஷத்தில் ஒரு இன்ஜினைப் பற்றி அவள் சொன்ன முதல் பொய் அது. காது சிவந்துபோனது. நல்லவேளை, அவள் உட்கார்ந்திருந்தது வெண்டலின் இடது கண் பக்கம்.

பொய்யென்றாலும் பொருளை வரவழைக்கத்தான் வேண்டும். இல்லாவிட்டால் அவன் கேள்வி கேட்பான். வரவழைத்தாள். ஏழு வாரத்தில் வரவேண்டிய ஸ்டார்ட்டர் ஒன்பதே நாளில் வந்து நின்றது. நாட்டில் எதுவுமே நேரத்துக்கு வராத வருஷம் அது. வீட்டில் வைத்தால் தெரிந்துவிடும். கொட்டகையில் வைத்தால் லெலண்ட் பார்த்துவிடுவான். தேவாலயத்தின் நிலவறைச் சமையலறைச் சாவி அவளிடம் இருந்தது. சாவு வீட்டுக் காப்பிக்கான பெரிய அண்டாவுக்குப் பின்னால் பெட்டியைத் தள்ளி, மேலே மேஜை விரிப்புகளைப் போட்டு மூடினாள். பொய்யை வைக்க ஊரிலேயே பத்திரமான இடம் அதுதான்.

வெண்டல் தரையில் இருப்பதே நல்லது என்று முடிவெடுத்தவள், தரை என்பது தன் சமையலறைத் தரை என்பதை யோசிக்கவில்லை. முதல் வாரம் அவன் மசாலாப் புட்டிகளை எழுத்து வரிசைப்படி அடுக்கினான். இரண்டாவது வாரம் துண்டுகளை மடிப்பதில் அவள் இத்தனை வருஷம் செய்துவந்த தவறை விளக்கினான். மூன்றாவது வாரம் குளிர்பெட்டிக்குள் வெப்பமானி வைத்து, காலை மாலை இரண்டு வேளையும் அறிக்கை கொடுத்தான். மத்தியானங்களில் ஜன்னலோரம் உட்கார்ந்து, மேலே ஏதாவது சத்தம் கேட்டால் தலையைக் கோழி மாதிரி ஒரு பக்கமாகச் சாய்த்து, வலது கண்ணால் தேடுவான்.

“நானே போன் பண்ணிக் கேக்கட்டுமா அவங்களை?”

“பண்ணாதே. தொந்தரவு பண்றவங்களை வரிசையில கடைசியில தள்ளிடுவாங்க.”

அது இரண்டாவது பொய். முதலாவதைவிட லேசாக வந்தது. அதுதான் அவளை உறுத்தியது.

அக்டோபர் மூன்றாவது சனிக்கிழமை, எலுமிச்சைக் கேக் தட்டைக் காரிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தவள், கொட்டகைக்கு முன்னால் விமானம் நிற்பதைப் பார்த்தாள். அதன் வால், லெலண்டின் வண்டிக் கொக்கியில் கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. விமானி இருக்கையில் லெலண்ட், இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்துக்கொண்டு, பல் பிடுங்கக் காத்திருக்கிறவன் முகத்தோடு. முன்னால் விசிறியின் மேல் இரண்டு கைகளையும் வைத்து நின்றான் வெண்டல்.

ஸ்டார்ட்டர் இல்லாவிட்டாலும் விசிறியைக் கையால் இழுத்துவிட்டால் இன்ஜின் பற்றிக்கொள்ளும். அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். இழுத்த கையோடு பின்னால் வந்துவிடவேண்டும், அவ்வளவுதான். எவ்வளவு தூரம் வந்தோம் என்பது கண்ணுக்குத் தெரியவேண்டும். ஒரு கண்ணால் தூரம் தெரியாது.

சாவி இல்லாமல் இது நடக்காது. சாவியைச் சிவப்பு ஆணியிலிருந்து எடுத்திருக்கிறான். ஐந்து ஆண்கள் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

கத்தினால் திரும்பிப் பார்ப்பான். ஆர்லிஸ் கத்தவில்லை. தட்டைப் பிடித்தபடி நின்றாள்.

வெண்டல் இழுத்தான். இன்ஜின் பற்றிக்கொண்டது. ஏதோ ஒன்று ‘சட்’ என்று பறந்து புல்லில் விழுந்தது. லெலண்ட் பயத்தில் கைக்கு அகப்பட்டதையெல்லாம் பிடித்து இழுத்தான். அதில் ஒன்று சரியானதாக இருந்தது. இன்ஜின் அணைந்தது. வெண்டல் தலையைத் தடவிப் பார்த்தான். தொப்பி இருந்தது. கண்ணுக்கு நிழல் தரும் அதன் முன்பக்க மடிப்பு மட்டும் இல்லை.

பிறகு லெலண்ட் கீழே இறங்கி, புல்லில் கிடந்த துண்டை எடுத்து ஆட்டினான்.

“ஏண்டா, முடிவெட்டிக்க வேற இடமே கிடைக்கலியா உனக்கு?”

அவ்வளவுதான். ஆறு பேரும் சிரித்தார்கள். கொட்டகைச் சுவரில், முதல் தடவை தனியாகப் பறந்தவர்களின் சட்டை முதுகைக் கத்தரித்து, பெயரும் தேதியும் எழுதி ஆணியடித்து வைப்பது எங்கள் வழக்கம். ஐம்பது வருஷத்துக்கு முன் வெட்டிய வெண்டலின் கட்டம் போட்ட சட்டைத்துணி அங்கே இருந்தது. அதற்குப் பக்கத்தில் தொப்பி மடிப்பையும் அடித்து, கீழே அன்றைய தேதியை எழுதினார்கள். மற்ற எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவன் வெண்டல். இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் வைத்திருந்தான். கேக் கொடுத்தபோதும் எடுக்கவில்லை.

“ஸ்டார்ட்டர் வந்துடுச்சு” என்றாள் ஆர்லிஸ்.

“எப்ப?”

“இன்னைக்கு.”

“சனிக்கிழமையா?”

“எங்கிட்ட எதுக்குக் கேக்கற? பார்சல் வண்டி ஓட்டறவன்கிட்ட கேளு” என்று சொல்லிவிட்டுத் தேவாலயத்துக்குக் காரை ஓட்டினாள். பெட்டி மேல் மேஜை விரிப்பின் பூ நூல் ஒன்று ஒட்டியிருந்தது. வரும் வழியில் அதை எடுத்து வெளியே போட்டாள்.

திங்கள்கிழமை வேலை. பேட்டரி வயரைக் கழற்றி ஒதுக்கினாள். வெண்டல் ஸ்டூலில் உட்கார்ந்து விளக்குப் பிடித்தான். அவள் கை இருந்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளித்தான் வெளிச்சம் விழுந்தது. அவள் வெளிச்சம் விழுந்த இடத்தை முதலில் முடித்தாள். ஸ்டார்ட்டரைப் பிடித்திருப்பவை நான்கு நட்டுகள். மூன்று சுலபமாக வரும். நாலாவது நட்டு இன்ஜினுக்கும் ஸ்டார்ட்டருக்கும் இடுக்கில் ஒளிந்திருக்கும். எந்த ஸ்பானரும் போகாது. அதற்காக அவள் ஒரு ஸ்பானரைப் பாதியாக அறுத்து, நெருப்பில் காய்ச்சி வளைத்து, யாரும் தூக்கிப் போகாமலிருக்க நகப்பூச்சு அடித்து வைத்திருந்தாள். ரோஜா நிறம். எந்த ஆண்பிள்ளையும் இதுவரை இரவல் கேட்கவில்லை. அதை நுழைத்து, கால் திருகுக்கும் குறைவாகத் திருப்பி, எடுத்து, மறுபடி நுழைத்து, அரைமணி நேரம்.

பழைய ஸ்டார்ட்டர் கையில் வந்தது. பற்கள் எல்லாம் நன்றாக இருந்தன.

“இதுல என்ன போச்சு?” என்றான் வெண்டல்.

“உள்ளுக்குள்ள.”

“ம்.”

புதியதை மாட்டி, நாலு இடத்தையும் இறுக்கினாள். பன்னிரண்டு மணிக்கு அவன் சாண்ட்விச் எடுக்க வண்டிக்குப் போனான். மேஜை இழுப்பறையைத் திறந்து, எர்த் பட்டையை எடுத்து, பச்சை பூத்ததைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, புதியதை மாட்டி, பேட்டரி வயரையும் சேர்த்தாள். அது இல்லாமல் புது ஸ்டார்ட்டரும் ‘டக்’ என்றுதான் சொல்லும். வெண்டல் திரும்பி வந்து சாவியைத் திருப்பியபோது இன்ஜின் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. பத்து நிமிஷம் ஓடவிட்டாள். எல்லாம் சரி.

“பாரு, குழந்தை மாதிரி எழுந்திருக்குது” என்றான் வெண்டல். அவன் முகத்தைப் பார்க்காமல் அவள் கையைத் துடைத்துக்கொண்டாள்.

அலுவல் அறையில் பதிவுப் புத்தகத்தைத் திறந்தாள். அவன் எதிரில் உட்கார்ந்தான். உட்காருமுன் ஸ்டூலைத் தடவித் தேடிய அவன் கையை அவள் பார்த்தாள். மடிப்பில்லாத அதே தொப்பியைத்தான் போட்டிருந்தான். வேறு தொப்பி வீட்டில் பத்து இருந்தது.

முதல் வரி எழுதினாள்: பழைய ஸ்டார்ட்டர் கழற்றப்பட்டது, அதன் எண், புதியது பொருத்தப்பட்டது, அதன் எண்.

இத்தோடு நிறுத்தலாம். வாயால் சொன்ன பொய்கள் நாலு. அவை காற்றோடு போகும். இது புத்தகம். பாக்கெட்டில் கிடந்த பச்சைப் பட்டை தொடையில் உறுத்தியது. இரண்டாவது வரியை எழுதினாள்: எர்த் பட்டை அரித்துப் பழுதாகியிருந்தது, மாற்றப்பட்டது, பழைய ஸ்டார்ட்டரில் குறை காணப்படவில்லை.

நாற்பது வருஷம் பறந்தவனுக்கு அந்த ஒரு வரி போதும். படித்த நிமிஷமே எல்லாம் புரிந்துவிடும், ஏழு வாரமும் சேர்த்து. படிக்க முடியாவிட்டால், அதுவும் தெரிந்துவிடும். கையெழுத்துப் போட்டு, தேதியிட்டு, புத்தகத்தை அவன் பக்கம் திருப்பினாள். சாவியை அதன் மேல் வைத்தாள்.

“படிச்சுப் பாரு.”

“நீ எழுதினதைப் படிச்சு வேற பார்க்கணுமா?”

“முப்பது வருஷமா வார்த்தை விடாம படிச்சவன் நீ. ‘ஒரு வாஷரை எழுத மறந்துட்டே’ன்னு ராத்திரி என்னை எழுப்பினவன்.”

வெண்டல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனான். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தான். தலையை ஒரு பக்கம் சாய்த்தான். பக்கத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தான், கிட்டே கொண்டுவந்தான். வெளியே பீட்ரூட் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. ஆர்லிஸ் மூன்று லாரி எண்ணினாள். அவன் விரல் முதல் வரியின் மேல் ஊர்ந்தது. இரண்டாவதன் மேல் வந்து நின்றது. அல்லது, தாள் நழுவாமலிருக்க அங்கே வைத்தானோ என்னவோ.

நாலாவது லாரியும் போனபின் புத்தகத்தை மூடினான்.

“நல்லா இருக்கு.”

“என்ன நல்லா இருக்கு?”

“எல்லாந்தான். எப்பவும் போல.”

“ரெண்டாவது வரில என்ன எழுதியிருக்கேன்? சொல்லு.”

அவன் புத்தகத்தை மேஜையில், விளிம்போடு விளிம்பு பொருந்த வைத்தான். சாவியை எடுத்துக்கொண்டான். கதவுப் பக்கம் போனவன் பலகை முன்னால் நின்று, சாவியைச் சிவப்பு ஆணிக்கு உயர்த்தினான். சாவி பலகையில் உரசிக் கீழே இறங்கியது. மறுபடி உயர்த்தினான், மறுபடி உரசியது. இடது கையால் பலகையைத் தடவி, ஆணியைக் கண்டுபிடித்து, விரலை அங்கேயே வைத்துக்கொண்டு சாவியை மாட்டினான்.

“வெண்டல்” என்றாள் ஆர்லிஸ். “படிச்சியா, இல்லையா?”

தொப்பியை, மடிப்பு இருந்த இடத்தில் பிடித்து, கொஞ்சம் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான். கதவைத் திறந்து வெளியே போனான்.